அடி தெரியாத குளம் மூடப்பட வேண்டும்

கோடை விடுமுறை நெருங்கும்போது தமிழகத்தின் நீச்சல் குளங்கள் நிரம்பத் தொடங்கும். பயிற்சி முகாம்களில் சேரும் குழந்தைகள் பலர் அப்போதுதான் முதன்முறையாகத் தண்ணீரில் இறங்குகிறார்கள். அந்தத் தண்ணீர் கலங்கியிருந்தால் 'நேற்று கூட்டம் அதிகம்', 'மருந்து போட்டிருக்கிறோம், தெளிந்துவிடும்' என்று பதில் வருகிறது; பெற்றோரும் அதை ஏற்றுக்கொள்கிறார்கள். ஏற்கத் தகுந்த பதில்கள் அல்ல அவை. குளம் கலங்கினால் வடிகட்டுதலோ கிருமிநீக்கமோ எங்கோ தவறியிருக்கிறது என்று பொருள். தவறு சரிசெய்யப்படும் வரை அடி தெரியாத குளம் மூடப்பட வேண்டும்.

முதல் ஆபத்து மூழ்குதல். மூழ்குபவர் பெரும்பாலும் கூச்சலிடுவதில்லை. கையசைத்து உதவி கேட்கவும் அவரால் முடிவதில்லை. மூச்சு நின்ற சில நிமிடங்களில் மூளை சேதமடையத் தொடங்குகிறது. அந்தச் சில நிமிடங்களில் உயிர்காப்பாளருக்கு இருக்கும் ஒரே கருவி அவருடைய கண்தான். 2011 ஜூனில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்துப் பொதுக் குளம் ஒன்றில் மூழ்கிய பெண்ணின் உடல், கலங்கிய நீருக்கடியில் இரண்டு நாள் யார் கண்ணிலும் படாமல் கிடந்தது. அந்த நாள்களில் மற்றவர்கள் அதே நீரில் நீந்தினார்கள். உயிர்காப்பாளர்கள் பணியில் இருந்தும் இது நடந்தது. அடி தெரியாத குளத்தில் உயிர்காப்பாளர் இருப்பது பாதுகாப்பு ஆகாது.

இரண்டாவது ஆபத்து நோய். நீரில் மிதக்கும் வியர்வை, எண்ணெய், தூசு, பாசி ஆகியவை குளோரினைத் தின்றுவிடுகின்றன; கிருமிகளுக்கு மறைவிடமாகவும் அமைகின்றன. வயிற்றுப்போக்கை உண்டாக்கும் கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி, போதிய குளோரின் உள்ள நீரிலேயே ஒரு வாரத்துக்கு மேல் உயிர்வாழக் கூடியது. மூக்கு வழியாக நுழைந்து மூளையைத் தாக்கும் அமீபா, குளோரின் குறைந்த வெதுவெதுப்பான நீரில் வளரும். அந்நோய்க்கு ஆளானவர்களில் மிகப் பெரும்பாலோர் பிழைப்பதில்லை. 2024இல் அண்டை மாநிலமான கேரளத்தில் குழந்தைகள் இதற்குப் பலியானார்கள். முறையாகப் பராமரிக்கப்படும் குளத்தில் அந்த அமீபா தங்காது. முறையாகப் பராமரிக்கப்படுகிறதா என்பதே கேள்வி.

குளம் கலங்குவதற்கான காரணங்களில் முதலாவது வடிகட்டி. இங்குள்ள குளங்களில் பரவலாக இருப்பது மணல் வடிகட்டி. பம்ப் உறிஞ்சும் நீர் மணற்படுகை வழியாக இறங்கும்போது அழுக்கு மணலில் தங்குகிறது. அழுக்கு சேரச் சேர, தொட்டியின் தலையிலுள்ள பிரஷர் கேஜில் முள் ஏறும். மணல் சுத்தமாக இருந்தபோது காட்டிய அளவிலிருந்து 8 முதல் 10 பிஎஸ்ஐ ஏறினால் பேக்வாஷ் செய்ய வேண்டும், அதாவது நீரை எதிர்த்திசையில் செலுத்தி மணலைக் கழுவ வேண்டும் என்பது பொது விதி. முள்ளைப் படிக்க வேண்டுமானால் கேஜ் வேலை செய்ய வேண்டும். கண்ணாடி மங்கி, பம்ப் நின்ற பின்னும் அதே எண்ணில் நிற்கும் முள்ளை வைத்துக்கொண்டு எந்தக் குளத்தையும் பராமரிக்க முடியாது.

பேக்வாஷும் அரைகுறையாகவே நடக்கிறது. பம்பை நிறுத்திவிட்டு வடிகட்டி வால்வின் கைப்பிடியைத் திருப்ப வேண்டும். ஓடும்போதே திருப்பினால் உள்ளிருக்கும் ரப்பர் கேஸ்கட் கிழியும். பம்பை மீண்டும் இயக்கியதும் வால்வின் பக்கவாட்டிலுள்ள கண்ணாடிக் குமிழில் நீர் டிக்காஷன் நிறத்தில் ஓடும். அது தெளியும் வரை, அதாவது குறைந்தது இரண்டு மூன்று நிமிடம், விட வேண்டும். பிறகு ரின்ஸ் நிலையில் ஒரு நிமிடம் ஓட்டி, படுகையில் எஞ்சிய கலங்கலை வெளியேற்ற வேண்டும். அந்தக் கடைசிப் படியைத் தவிர்த்தால், கழுவிய அழுக்கின் ஒரு பகுதி குளத்துக்கே திரும்புகிறது.

பேக்வாஷ் தீர்க்காத கோளாறுகளும் உண்டு. முள் வழக்கத்தைவிடத் தாழ்ந்து நின்றால், பம்புக்கு முன்னுள்ள கூடையில் இலையும் முடியும் அடைத்திருக்கலாம். உறிஞ்சு குழாயில் காற்று புகுந்திருக்கலாம். குளத்தின் நீர்மட்டம், மேற்பரப்பு நீரை உறிஞ்சும் ஸ்கிம்மர் வாய்க்குக் கீழே போயிருக்கலாம். முள் சரியாக இருந்தும் நீர் தெளியாவிட்டால், மணல் இறுகி அதனூடே நீர் தனக்கொரு வழி வகுத்துக்கொண்டு வடிகட்டப்படாமலே திரும்புகிறது என்றோ, வால்வின் கேஸ்கட் கிழிந்திருக்கிறது என்றோ ஐயுற வேண்டும். நீர் திரும்பும் வாயருகே குளத்தின் தரையில் மணல் படிந்தால், தொட்டிக்குள் உள்ள கிளைக்குழாய்கள் உடைந்திருக்கின்றன. ஐந்து முதல் ஏழு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய மணலை, குளம் கட்டிய நாள் முதல் மாற்றாத இடங்களில் இவை அனைத்தும் எதிர்பார்க்க வேண்டியவையே.

இரண்டாவது காரணம் சிக்கனம் என்ற பெயரில் நடக்கும் மின் வெட்டு. பொதுப் பயன்பாட்டுக் குளத்தின் மொத்த நீரும் நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்குள் ஒருமுறை வடிகட்டியைக் கடந்து வர வேண்டும். மின் கட்டணத்துக்கு அஞ்சிப் பம்பை இரவு முழுவதும் நிறுத்திவைப்பவர்கள், காலையில் முந்தைய நாளின் அழுக்கில் குழந்தைகளை இறக்குகிறார்கள்.

மூன்றாவது காரணம் நீரின் தன்மை. நம் ஊர்க் குளங்கள் பலவும் ஆழ்துளைக் கிணற்றையோ லாரித் தண்ணீரையோ நம்பியவை. கடினத்தன்மை மிகுந்த நீரில் பிஎச் ஏறினால் சுண்ணாம்பு பிரிந்து பால்போன்ற கலங்கல் தோன்றும். ப்ளீச்சிங் பவுடரை அளவின்றிக் கொட்டினால் அது மேலும் கூடும். பிஎச் 7.2 அளவில் குளோரினில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கிருமியைக் கொல்லும் வடிவில் இருக்கிறது. 8க்கு ஏறினால் அது ஏறத்தாழ கால் பங்காகச் சுருங்குகிறது. ஆகவே, பிஎச் பார்க்காமல் போடும் குளோரின் கணக்கில் மட்டுமே குளோரின். கண்ணை எரிக்கும் நெடியைக் குளோரின் போதுமான அளவு இருப்பதன் அடையாளமாகக் கொள்வதும் தவறு. குளோரின் வியர்வையோடும் சிறுநீரோடும் கலந்து செலவானதையே அந்த நெடி பெரும்பாலும் காட்டுகிறது.

காரணம் அறியாமல் செய்யும் மருத்துவம் கலங்கலைவிட ஆபத்தானது. 2016 ரியோ ஒலிம்பிக்கில் டைவிங் குளம் உலகமே பார்த்திருக்கப் பச்சையாக மாறியது. குளோரின் இருந்த நீரில் ஹைட்ரஜன் பெராக்சைடைக் கலந்ததால் குளோரின் செயலிழந்ததே காரணம் என்று பின்னர் அறிவிக்கப்பட்டது. உலகத் தரத்தில் கட்டிய குளத்திலேயே இது நேர்ந்தது. ப்ளீச்சிங் பவுடரையும் ஆசிட்டையும் ஒரே வாளியில் கலந்தால் நச்சு வாயு வெளியாகும் என்பதைக்கூட அறியாத ஒருவரிடம் பம்ப் அறையின் சாவி இருப்பது எந்தக் குளத்துக்கும் ஆபத்தே.

சரியான வழி சிக்கலானதன்று. குளத்தை மூட வேண்டும். குளோரினையும் பிஎச்சையும் அளந்து, குளோரினை லிட்டருக்கு 1 முதல் 3 மில்லிகிராமுக்கும், பிஎச்சை 7.2 முதல் 7.6க்கும் கொண்டுவர வேண்டும். கூடையைச் சுத்தம் செய்து, பேக்வாஷ் முடித்து, நீர் தெளியும் வரை பம்பை இடைவிடாமல் ஓட்ட வேண்டும். மிக நுண்ணிய கலங்கலுக்குப் படிகாரம் இட்டு, பம்பை நிறுத்தி, இரவு முழுவதும் படியவிட்டு, படிந்ததை வடிகட்டி வழியாக அல்லாமல் நேரே வடிகாலுக்கு உறிஞ்சி வெளியேற்ற வேண்டும். ஆட்கள் இறங்கியிருக்கும்போது படிகாரம் போடுவது பயனற்றது. அடி தெளிவாகத் தெரிந்த பிறகே குளம் திறக்கப்பட வேண்டும்.

தண்ணீர்ப் பஞ்சத்தையும் செலவையும் காரணம் காட்டுவோர் கணக்கைப் பார்க்க வேண்டும். 25 மீட்டர் நீளம், 12.5 மீட்டர் அகலம், சராசரி 1.5 மீட்டர் ஆழம் உள்ள குளத்தில் ஏறத்தாழ 4.7 லட்சம் லிட்டர் நீர் இருக்கிறது. அதை வடித்துவிட்டு மீண்டும் நிரப்ப 12,000 லிட்டர் லாரிகள் சுமார் 40 வேண்டும். மணலை மாற்றுவதும் கேஸ்கட்டை மாற்றுவதும் அந்தச் செலவுக்கு முன் சிறியவை. பழுதான வடிகட்டியோடு புது நீரை நிரப்பினால் அதுவும் சில நாள்களில் கலங்கும்.

பொறுப்பு யாருடையது என்பதில் குழப்பத்துக்கு இடமில்லை. குளத்தைத் திறந்து கட்டணம் பெறுபவர் முதல் பொறுப்பாளர். அது பள்ளியோ, விடுதியோ, குடியிருப்போர் நலச்சங்கமோ எதுவானாலும் சரி. பராமரிப்பை ஒப்பந்தத்துக்கு விட்டதால் பொறுப்பு ஒப்பந்தத்தோடு போய்விடாது. உரிமம் தரும் உள்ளாட்சி நிர்வாகமும், நீரின் தரத்தைச் சோதிக்கும் பொதுச் சுகாதாரத் துறையும் அடுத்த பொறுப்பாளர்கள். நீச்சல் குள நீரின் தரத்துக்கென ஐஎஸ் 3328 என்ற இந்தியத் தர நிர்ணயம் இருக்கிறது. இருப்பதைச் செயல்படுத்துவது நிர்வாகத்தின் கடமை.

செய்ய வேண்டியவை தெளிவானவை. ஒவ்வொரு குளத்திலும் ஆழமான பகுதியின் தரையில் சுமார் 10 செ.மீ. அளவுள்ள கறுப்பு அடையாளம் பதிக்கப்பட வேண்டும். கரையிலிருந்து அது தெரியாத வேளையில் எவரும் நீரில் இறங்கக் கூடாது என்பது உரிமத்தின் நிபந்தனையாக வேண்டும். குளோரின், பிஎச், பிரஷர் கேஜ் அளவு, பேக்வாஷ் செய்த நேரம் ஆகியவை நாள்தோறும் நுழைவாயிலில் எழுதி வைக்கப்பட வேண்டும். பம்ப் அறையைப் பயிற்சி பெற்றவரிடமே ஒப்படைக்க வேண்டும். குளத்தை மூடும் அதிகாரம், மேலாளரின் அனுமதிக்குக் காத்திராமல், உயிர்காப்பாளருக்கு இருக்க வேண்டும். கோடை மாதங்களில் முன்னறிவிப்பற்ற சோதனை நடக்க வேண்டும். அதன் முடிவுகள் பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிடப்பட வேண்டும்.

இவற்றில் எதற்கும் புதிய தொழில்நுட்பமோ பெருஞ்செலவோ தேவையில்லை. தேவைப்படுவது ஓர் ஆணையும், அதை நடைமுறைப்படுத்தும் உறுதியும் மட்டுமே. ஒரு மரணத்துக்குப் பின் விசாரணைக் குழு அமைப்பதும், சில வாரங்கள் கழித்து அதை மறப்பதும் நிர்வாகம் ஆகாது. பள்ளிகளுக்குக் கோடை விடுமுறை விடுவதற்கு முன்பே அந்த ஆணை வெளிவர வேண்டும். முதல் பயிற்சி முகாம் தொடங்குவதற்கு முன்பே முதல் சோதனை நடந்து முடிய வேண்டும்.