ஒரு துளி இரத்தம் உரைக்கும் உண்மை

பட்டுக்குப் பெயர் பெற்ற எங்கள் சின்ன காஞ்சிபுரத்தில், ஜரிகையைக் கண்ணால் மட்டும் பார்த்து நம்பிவிடுவதில்லை. அதில் வெள்ளி எவ்வளவு, தங்கம் எவ்வளவு என்று எக்ஸ் கதிர்க் கருவியில் சோதிப்பதுண்டு. சேலைக்கே இத்தனை சோதனை என்றால், மனித உயிருக்கு வேண்டாமா?

2023 மே மாதம் மரக்காணம் பகுதியிலும், நம் பக்கத்து மாவட்டமான செங்கல்பட்டிலும் கள்ளச்சாராயத்தால் 20க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்டோர் இறந்தனர். இவர்களைக் கொன்ற நஞ்சு மெத்தனால். பார்வைக்கு அது சாதாரண சாராயத்தைப் போன்றதே. உடலுக்குள் ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பைக் கெடுக்கும், உயிரையும் குடிக்கும். ஆனால், குடித்த பல மணி நேரம் வரை ஒன்றும் தெரியாமலே இருக்கலாம்.

இந்த நஞ்சைக் காட்டிக் கொடுப்பது வாயு வண்ணப்பிரிகை என்னும் முறையாகும். 1952ஆம் ஆண்டில் ஜேம்ஸ், மார்ட்டின் என்ற இங்கிலாந்து விஞ்ஞானிகள் இதை வெளியிட்டனர். சிறிதளவு இரத்தத்தைக் குப்பியில் இட்டு, இறுக மூடிச் சூடாக்கினால், எளிதில் ஆவியாகும் பொருள்கள் மேலே எழும். அந்த ஆவியை நீண்ட, மெல்லிய குழாய்க்குள் ஹீலியம் போன்ற வாயு சுமந்து செல்லும். குழாயில் ஒவ்வொரு பொருளும் வெவ்வேறு நேரம் தங்குவதால், மெத்தனாலும் சாதாரண சாராயமான எத்தனாலும் தனித்தனியே வெளிவரும். எது, எவ்வளவு என்று கருவி கோடு வரைந்து காட்டிவிடும்.

தடய அறிவியல் ஆய்வகங்களில், இறந்தவரின் இரத்தத்தைச் சோதித்து நீதிமன்றத்துக்கு உண்மை சொல்ல இம்முறை பயன்படுகிறது. அது தேவைதான். ஆனால், இருப்பவரைக் காப்பதே அதனினும் பெரிது அன்றோ? ஐயம் எழுந்தவுடனே மாற்று மருந்தைத் தொடங்கிவிட வேண்டும். சோதனை முடிவுக்காகக் காத்திருத்தல் கூடாது. எனினும், நஞ்சின் அளவு தெரிந்தால், யாருக்கு டயாலிசிஸ் தேவை, சிகிச்சையை எப்போது நிறுத்தலாம் என்று மருத்துவர் தெளிவாக முடிவு செய்யலாம். ஆகவே, நள்ளிரவிலும் இம்முடிவு ஒவ்வொரு மாவட்ட மருத்துவமனைக்கும் விரைந்து கிட்ட வழி செய்தல் வேண்டும் என்பது என் கருத்து.

"குடித்தவன் செத்தான், அவனுக்கு எதற்கு இத்தனை செலவு?" என்று கேட்போர் உண்டு. எங்கள் தெருவிலும் மாலையில் தள்ளாடி வரும் அப்பாக்கள் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டுப் பெண்கள் என்னோடு தண்ணீர் பிடிக்க வருகிறவர்கள். அந்த அப்பா போய்விட்டால் தறி நிற்கும். அவளுடைய படிப்பும் நிற்கும். குடி தீது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால், தண்டனை மரணமா?

குப்பியில் உள்ளது யார் இரத்தம் என்று கருவி கேட்பதில்லை. உள்ளதை உள்ளபடி சொல்லுகிறது. தோழியரே! வீட்டில் யாருக்கேனும் குடித்தபின் கண் மங்கினாலோ, வயிறு வலித்தாலோ, மானம் போகுமே என்று மறைக்காதீர்கள். குடித்ததைச் சொல்லி, உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். மானத்தினும் உயிர் பெரிது!