நம்மவர் தொழில்கள்: இடம் தேடும் உத்தியோகம்

எங்கள் குடியிருப்பின் மேல்மாடியில் வசிக்கும் அம்மையார் ஒருவர் சென்ற மாதம் ஒரு சங்கடத்தோடு என்னிடம் வந்தார். அவருடைய ஒரே புதல்வனுக்குத் திருச்சிப் பக்கத்தில் பெண் பார்த்திருக்கிறார்கள். ஜாதகமும் பொருந்திவிட்டது. பெண்ணின் தகப்பனார் தொலைபேசியில், “மாப்பிள்ளைக்கு என்ன உத்தியோகம்?” என்று விசாரித்திருக்கிறார். “காப்பிக் கடைக் கம்பெனியில் கடைக்கு இடம் பார்க்கிற வேலை” என்று அம்மாள் சொல்லியிருக்கிறார். மறுமுனையில் சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, “தரகரா?” என்ற கேள்வி வந்திருக்கிறது.

“அவன் செய்வது என்ன வேலை என்று நாலு வரி எழுதிக் கொடுங்கள், தம்பி. அவருக்கு நான் படித்துக் காட்டிவிடுகிறேன்” என்றார் அம்மாள். என் படிப்பு பத்தாம் வகுப்போடு நின்றது. இரயில்வேயில் குமாஸ்தாவாக இருப்பவன். ஆயினும் மறுக்க மனம் வரவில்லை. பையனையே பிடித்து இரண்டு நாள் அவனுடன் சுற்றினேன். விஷயம் நாலு வரியில் அடங்காததால் இம்மாதப் பகுதியாகவே எழுதிவிட்டேன்.

முதலில் தரகர் என்ற பேச்சைத் தீர்த்துவிடுகிறேன். தரகருக்குக் காரியம் முடிந்தால் கூலி. ஒப்பந்தம் கையெழுத்தானதும் அவர் பொறுப்பு தீர்ந்தது. இந்தப் பையனுக்கோ மாதச் சம்பளம். அவன் பொறுப்பு கையெழுத்தான பிறகே ஆரம்பமாகிறது. தரகர்கள் காட்டும் முப்பது இடங்களில் இரண்டைத்தான் அவன் மேலிடத்துக்கு எழுதி அனுப்புவான். வியாபாரம் நடக்காவிட்டால் காப்பி கலந்தவனை எவரும் கேட்பதில்லை. இடம் பார்த்தவனைத்தான் கேட்கிறார்கள். கட்டடச் சொந்தக்காரரிடம் ஒரு தீபாவளி இனாம் வாங்கினாலும் வேலை போய்விடும்.

மும்பையில் இந்த வித்தையை முதலில் அறிந்தவர்கள் ஈரானிகளே எனலாம். ஆகாதென்று மற்ற வியாபாரிகள் ஒதுக்கியதாகச் சொல்லப்படும் தெருமுனைக் கடைகளை அவர்கள் எடுத்துக்கொண்டு, இரண்டு தெருவின் கூட்டத்தையும் உள்ளே இழுத்தார்கள். இந்தியா காப்பி ஹவுஸ் 1936-இல் முதன்முதலாகத் திறக்கப்பட்டது சர்ச்கேட்டில். பெங்களூர் பிரிகேட் சாலையில் கஃபே காப்பி டே 1996-இல் தோன்றியது. டாடா ஸ்டார்பக்ஸ் 2012 அக்டோபரில் தன் முதற்கடையை இங்கே ஹார்னிமன் சர்க்கிளில் திறந்தது. எவரும் கண்ணை மூடிக்கொண்டு இடம் பிடிக்கவில்லை.

பையன் கையில் ஒரு சிறு எண்ணும் கருவி உண்டு. ஓர் ஆள் கடந்தால் ஓர் அழுத்து. காலையில் இரண்டு மணி, நடுப்பகலில் இரண்டு மணி, அந்தியில் நாலு மணி நேரம் நடைபாதையில் நின்று எண்ணுகிறான். வெறும் தலைக்கணக்கு அல்ல. நிற்பவர் எத்தனை பேர், ஓடுபவர் எத்தனை பேர், மாலை வெயில் எந்தச் சாரியில் அடிக்கிறது, ஸ்கூட்டரை நிறுத்த இடமுண்டா என்பதெல்லாம் அவன் நோட்டில் ஏறுகின்றன. பிறகு கட்டடத்துக்குள் நுழைந்து, காப்பி இயந்திரத்துக்குப் போதிய மின்சாரம் அனுமதிக்கப்பட்டிருக்கிறதா, கழிவுநீர் போக வழியுண்டா, கட்டடத்துக்குக் குடியேற்றச் சான்றிதழ் இருக்கிறதா என்று பார்க்கிறான். சொத்தில் பங்குள்ள அண்ணன் தம்பிகள் அத்தனை பேரும் கையெழுத்திடுவார்களா என்பது கடைசிக் கேள்வி. பல நல்ல இடங்கள் அந்தக் கேள்வியில்தான் கவிழ்கின்றனவாம்!

வாடகைக் கணக்கைக் கேட்டபோது எனக்குத் தலை சுற்றியது. ஒரு பேச்சுக்கு, 800 சதுர அடிக் கடை, சதுர அடிக்கு 250 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 2 லட்சம். அதன்மேல் ஜி.எஸ்.டி. 18 சதவிகிதம், 36,000 ரூபாய். வாடிக்கைக்காரரிடம் 5 சதவிகிதம் வரி வாங்கும் சிற்றுண்டிச் சாலை, வாடகைக்குக் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ள முடியாது. ஒரு கோப்பை 200 ரூபாய் என்றால், வாடகைக்காக மட்டும் நாளொன்றுக்கு சுமார் 40 கோப்பை விற்றாக வேண்டும். பாலும் பொடியும் சம்பளமும் அதற்கப்பால். நம்மவர் சிலர் ஒரு கோப்பையோடு மூன்று மணி நேரம் உட்கார்ந்து விடுகிறார்களே, அவர்கள் இதைக் கவனிக்கலாம்.

சட்டத்திலும் ஒரு வேடிக்கை இருக்கிறது. மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1999, செலுத்தப்பட்ட மூலதனம் ஒரு கோடி ரூபாயோ அதற்கு மேலோ உள்ள கம்பெனிகளுக்குப் பாதுகாப்பு அளிப்பதில்லை. பகடிக்குக் கடை பிடித்த பழைய தையற்காரரை எளிதில் எழுப்ப முடியாது. பெரிய கம்பெனியை எழுப்பலாம். ஆகவே இத்தனை ஆண்டு எவரும் விலகக் கூடாதென்று ‘லாக்-இன்’ எழுதிக்கொள்கிறார்கள். அந்தக் கயிறு இருபுறமும் இறுக்கும்.

அது பையனையே ஒருமுறை இறுக்கியது. இரண்டாண்டுகளுக்கு முன் ஒரு புறநகர் நிலையத்துக்கு எதிரே அவன் தேர்ந்த கடை பதினாலு மாதத்தில் மூடப்பட்டது. லாக்-இன் முடியாததால் பூட்டிய கடைக்கும் வாடகை ஓடியது. அவ்வருடம் அவனுக்குச் சம்பள உயர்வு இல்லை, வேலையே ஊசலாடியது. “கூட்டம் இருந்ததே அண்ணா, நானே எண்ணினேனே!” என்று பழைய தாளை எடுத்துக் காட்டினான். பார்த்த மாத்திரத்தில் எனக்கு விளங்கிவிட்டது. அந்த நிலையத்தில் நான் மூன்றாண்டு வேலை பார்த்தவன். காலையில் அவ்வழியே வருவோர் விரைவு வண்டியைப் பிடிக்க ஓடுகிறவர்கள். அமிர்தமே கொடுத்தாலும் நிற்கமாட்டார்கள். மாலையில் அவர்களே திரும்பும்போது காய்கறிச் சந்தைப் பக்கமுள்ள வேறு பாலத்தில் இறங்கிப் போய்விடுகிறார்கள். பண்டிகைக்கு முன் கடை திறக்க வேண்டுமென்ற மேலிடத்து அவசரத்தில் பையன் காலையை மட்டுமே எண்ணியிருந்தான். அவன் முகம் அப்போது போன போக்கை எழுத எனக்கு விருப்பமில்லை. இப்போதெல்லாம் அந்தி நேரத்தை அவன் பிறரிடம் விடுவதில்லை.

இதுவரை எழுதியதை அம்மாள் சம்பந்திக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினார். அவருக்குப் பரம திருப்தி! தரகர் என்ற சொல்லை வாபஸ் வாங்கிக்கொண்டார். கூடவே, தமக்கு மும்பை செம்பூரில் பங்காளிகளோடு பொதுவில் ஒரு கடை இருப்பதாகவும், மாப்பிள்ளை அதைத் தம் கம்பெனிக்கு முடித்துக் கொடுத்தால் முகூர்த்தத்தை ஆவணியிலேயே வைத்துக்கொள்ளலாம் என்றும் சொல்லியிருக்கிறார்.

உறவினர் சொத்தென்றால் கம்பெனியில் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட்டு விலகி நிற்க வேண்டும் என்பது விதி. பையன் விலகிவிடுவதாகத்தான் சொல்கிறான். அதைப் பெண் வீட்டாருக்கு எப்படிச் சொல்வது என்று கேட்டு அம்மாள் நேற்று மாலை மறுபடியும் என் வீட்டுக்கு வந்திருந்தார்.