குடும்ப மேசை: கித்தாருக்கு ஒரு சின்ன ஒலிபெருக்கி

கித்தார் இன்று நம் பங்குகளுக்குப் புதிய கருவியன்று. 1963ஆம் ஆண்டு இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட திருவழிபாட்டு ஏடு, குழாய் ஆர்கனுக்குரிய பெருமையைக் காத்துக்கொண்டே, இறைவழிபாட்டிற்கு ஏற்ற பிற கருவிகளுக்கும் இடம் தந்தது. அதற்குப் பின் வந்த தலைமுறைகளில் ஆர்மோனியத்திற்கும் தபேலாவிற்கும் பக்கத்தில் கித்தாரும் வந்து அமர்ந்தது. விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் அதைக் கற்கும் பிள்ளைகள் உள்ள வீடுகளில், கற்கத் தொடங்கிய சில திங்களுக்குள் ஒரு விண்ணப்பம் எழுவது வழக்கம்: “அப்பா, ஆம்ப் ஒன்று வாங்கித் தாருங்கள்.” அதனோடு ஓர் எண்ணும் சேர்ந்து வரும். நாற்பது வாட், அறுபது வாட், நண்பன் வீட்டில் நூறு வாட்!

பணம் எடுக்குமுன் பெற்றோர் கேட்க வேண்டிய முதற் கேள்வி, வீட்டில் இருக்கும் கித்தார் எவ்வகையது என்பதே. உள்ளே வெற்றிடமுள்ள மரக் கித்தாருக்கு அதன் வயிறே ஒலிபெருக்கி. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் அதற்கு வேறொன்றும் தேவையில்லை. குடும்பச் செபமாலைக்குப் பின் ஒரு மாதா பாடல் பாட மின்சாரம் எதற்கு? மின் கித்தாரின் நிலை வேறு. அதன் உடல் கெட்டியான பலகை. கம்பியின் அதிர்வைக் காந்தச் சுருள் மின்னலையாக மாற்றித் தருமேயன்றி, அறை நிரம்ப ஒலிக்காது. மின் கித்தார் வாங்கிக் கொடுத்துவிட்டு ஆம்ப் வாங்கித் தர மறுப்பது, விளக்கை வாங்கிவிட்டு எண்ணெய்க்குக் கணக்குப் பார்ப்பதாகும்.

இனி அந்த வாட் கணக்கு. இருபது வாட் பெட்டி பத்து வாட் பெட்டியைப் போல் இருமடங்கு உரக்க ஒலிக்கும் என்று எண்ணுவது இயல்பு. ஆனால் நம் செவி அப்படி அளப்பதில்லை. வாட் இருமடங்கானால் கூடுவது 3 டெசிபல் மட்டுமே. கூர்ந்து கேட்டால்தான் வேறுபாடு தெரியும். ஓசை இருமடங்காகச் செவிக்குப் படவேண்டுமாயின் வாட் ஏறத்தாழப் பத்து மடங்காக வேண்டும். ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தொலைவில் 90 டெசிபல் எழுப்பும் ஸ்பீக்கரை எடுத்துக்கொள்வோம். வாட்டில் பத்தில் ஒரு பங்கு கொடுத்தாலே அது 80 டெசிபல் தரும். நாம் அருகமர்ந்து பேசும் பேச்சோ 60 டெசிபல் அளவினது. ஆகவே நம் கான்கிரீட் தளமும் பூசிய சுவரும் உள்ள அறையில் ஐந்து முதல் பத்து வாட் வரை தாராளம். அதற்கு மேற்பட்ட வாட்டுக்குக் கொடுக்கும் பணம், குமிழைத் திருகாமலே விட்டுவைப்பதற்குக் கொடுக்கும் பணம்.

அண்டை வீட்டாரையும் நினைக்க வேண்டும். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபலும், இரவு பத்து மணிக்குமேல் காலை ஆறு வரை 45 டெசிபலும் வரம்பாக வைத்துள்ளன. தேர்வுக்குப் படிக்கும் பிள்ளையும் நோயுற்ற பெரியவரும் இல்லாத தெரு உண்டோ? ஆதலின் ஹெட்போன் மாட்டும் துளை உள்ள பெட்டியையே தேர்க. அதிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. பெரியவர்கள் வாரத்திற்கு 40 மணி நேரம் கேட்கத் தகுந்த அளவாக உலக சுகாதார நிறுவனம் குறிப்பது 80 டெசிபல். அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகக் குறைந்துவிடும். தெருவைக் காப்பாற்றிய ஹெட்போன் பிள்ளையின் செவியைக் கெடுத்துவிடலாகாது.

வாட்டைவிடக் கவனிக்கத் தக்கது ஸ்பீக்கரின் அளவு. கித்தாரின் தடித்த கம்பி நொடிக்கு 82 அதிர்வு தருவது. மூன்றங்குல ஸ்பீக்கர் அந்த அடிக்குரலை முழுமையாகத் தாங்காது. ஆறு அல்லது எட்டு அங்குலம் தாங்கும். சந்தையில் உள்ளவற்றைச் சான்றாகச் சொன்னால், ஃபெண்டர் ஃப்ரண்ட்மேன் 10ஜி பத்து வாட்டும் ஆறங்குல ஸ்பீக்கரும் கொண்டது. ஆரஞ்சு கிரஷ் 12 பன்னிரண்டு வாட், அதற்கும் ஆறங்குலமே. பாஸ் கட்டானா மினி ஏழு வாட், நான்கங்குலம். ஆனால் ஆறு பேட்டரிகளில் ஓடும். மின்தடை வந்தாலும் பயிற்சி நிற்காது, கிறிஸ்துமஸ் காலத்தில் வீடு வீடாகப் பாடிச் செல்லும் குழுவுக்கும் உதவும். வீட்டிலேயே இருக்கப்போகும் பெட்டி என்றால் பெரிய ஸ்பீக்கர் பக்கமே நம் வாக்கு.

வால்வு வைத்த ஆம்ப்புக்குத்தான் இனிமை என்று இளைஞர் சொல்வர். பழைய வால்வு ரேடியோ சூடேறிச் சிவந்து, பின் பாடத் தொடங்குவதைக் கண்ட பெரியவர்கள் அதை மறுக்க மாட்டார்கள். எனினும் அதன் இனிமை, வால்வை நன்றாக உழைக்கவிட்டால்தான் வெளிப்படும். ஐந்து வாட் வால்வு ஆம்ப் அந்நிலையில் சிறு வீட்டைக் கிடுகிடுக்க வைக்கும். சுவிட்சை அணைத்த பின்னும் அதனுள் உயிர்பறிக்கும் மின்னழுத்தம் தங்கியிருக்கக்கூடும். திறந்து பார்க்கும் ஆர்வமுள்ள பிள்ளைகள் இருக்கும் வீட்டிற்கு அது வேண்டா.

அறுபது வகை ஓசை தரும் பெட்டிகளும் உண்டு. குமிழைத் திருகியே மாலைப் பொழுது கழிந்துவிடும்! கெயின் என்னும் குமிழை உயர்த்தினால் ஓசை கரகரத்து நீளும். விரல் தவறியதும் கம்பி சரியாக அழுந்தாததும் அதில் மறைந்துபோகும். தெளிவான ஓசையோ எதையும் மறைக்காது. கற்கும் பிள்ளைக்கு அதுவே ஆசான். ஆகவே கடையில் கெயினைக் குறைத்து, தெளிந்த ஓசை எப்படி என்பதையே முதலில் கேட்க வேண்டும்.

பாடகற்குழுவில் வாசிப்பவரிடம் பெரும்பாலும் இருப்பது பிக்கப் பொருத்திய மரக் கித்தார். அதை மின் கித்தாருக்கான ஆம்ப்பில் சொருகினால் தகரத்தைத் தட்டியது போலிருக்கும். மேற்சுர ஒலிகளை அந்தப் பெட்டி வெட்டிவிடுவதே காரணம். கீபோர்டுக்கும் பாடுவோர் குரலுக்கும் அதே கதிதான். இத்தகையோர் அக்கூஸ்டிக் ஆம்ப் எனக் கேட்டு வாங்குதல் வேண்டும். பலவற்றில் கித்தாருக்கு ஒரு துளையும் மைக்குக்கு ஒரு துளையுமாக இரண்டு இருக்கும். வீட்டில் அண்ணன் வாசிக்க, தங்கை பதிலுரைப்பாடலைப் பாடிப் பழக அது ஏற்றது. அவ்வாறு பழகும்போதே கித்தாரின் குமிழைக் குரலுக்குக் கீழே வைக்கும் வழக்கத்தையும் கற்றுக்கொள்ளலாம். 1967ஆம் ஆண்டு வெளிவந்த திரு இசை பற்றிய உரோமைப் போதனை, கருவியின் ஒலி பாடலின் சொற்களை மூடிவிடலாகாது என்று தெளிவாகவே கேட்கிறது. 1995இல் திண்டிவனத்து நடுநிலையம் பொது மொழிபெயர்ப்பாகத் திருவிவிலியத்தை வெளியிட எத்தனை அறிஞர் உழைத்தனர்! அதன் திருப்பாடல் வரி ஒன்று கித்தாரின் இரைச்சலில் கரைந்துபோனால் அவ்வுழைப்பு எவர் செவிக்கு எட்டும்?

மின்சாரம் பற்றிப் பெற்றோர் தாமே கவனிக்க வேண்டியவை சில. அமெரிக்காவிலிருந்து உறவினர் கொணரும் ஆம்ப் 120 வோல்ட்டுக்கும், ஜப்பானுக்கென்று செய்யப்பட்டது 100 வோல்ட்டுக்கும் அமைந்திருக்கக்கூடும். நம் 230 வோல்ட்டில் நேராகச் சொருகினால் அன்றே கருகும். பின்புறத்தில் எழுதியிருப்பதைப் படித்துப் பார்த்து, தேவையானால் மின்னழுத்தம் குறைக்கும் டிரான்ஸ்பார்மர் வைக்க வேண்டும்.

இதனினும் பெரியது எர்த். மூன்று முனைப் பிளக்கோடு வரும் ஆம்ப்பில், கித்தாரின் கம்பிகள் வயர் வழியாக அதன் உலோகச் சட்டத்தோடும், அது எர்த்தோடும் இணைந்திருக்கும். எர்த் இல்லாத பழைய வீட்டில் ஆம்ப்பினுள் மின்கசிவு ஏற்படின் அது கம்பி வழியே வாசிப்பவர் விரலுக்கு வரும். அதே நேரத்தில் வேறு இணைப்பிலுள்ள மைக்கில் உதடு பட்டால் விபரீதம். உம்மென்ற இரைச்சலை நிறுத்த எர்த் முனையை வெட்டிவிடச் சொல்லும் அறிவுரையை ஒருபோதும் ஏற்க வேண்டா. மின்பணியாளரை அழைத்து எர்த்தைச் சோதிக்கும் செலவு ஆம்ப்பின் விலையில் சேர்ந்தது என்றே கொள்க. கசிவு நேர்ந்தால் மின்னோட்டத்தைத் துண்டிக்கும் சுவிட்சையும் அவரிடமே பொருத்தச் சொல்லலாம். அந்த இரைச்சலோ பெரும்பாலும் டியூப்லைட் சோக்கிலிருந்தும் விசிறி ரெகுலேட்டரிலிருந்தும் காந்தச் சுருள் வாங்குவது. வாசிப்பவர் சற்றுத் திரும்பி அமர்ந்தாலே பாதி அடங்கிவிடும்.

நம் ஊர்களில் பல பெட்டிகளை அடுத்தடுத்துக் கேட்டுப் பார்க்கும் வாய்ப்புக் குறைவு. புதுவை இரண்டு ஊர்களுக்கும் ஏறக்குறைய 40 கிலோமீட்டர். சென்னைக்குப் போவதாயின் அண்ணாசாலையில் 1842 முதல் வழிவழி வந்த மியூசி மியூசிக்கல் இருக்கிறது. எங்குச் சென்றாலும் பிள்ளையின் கித்தாரையே எடுத்துச் செல்லுங்கள். கடைக்காரர் தம் விலையுயர்ந்த கித்தாரில் வாசித்துக் காட்டினால் எந்தப் பெட்டியும் இனிக்கும். தந்தையும் மகனும் குரலுயர்த்தாமல் பேசிக்கொள்ளக்கூடிய அளவில் வாசித்துக் கேட்க வேண்டும். அந்தத் தாழ்ந்த ஒலியில் எது மெலிந்து போகாமல் நிற்கிறதோ அதை எடுத்துக்கொள்க. பழுதானால் எங்கே கொண்டுவருவது என்பதையும் பில்லிலேயே எழுதி வாங்கிவிடுங்கள்.

வீட்டிற்கு வந்த ஆம்ப்பைத் தரையில் வைக்காமல் உறுதியான நாற்காலியிலோ மரப்பலகையிலோ வைத்தால், ஒலி முழங்காலுக்குப் போகாமல் செவிக்கு வரும். குறைந்த ஒலியே போதுமானதாகும். மழைக்காலத்தில் இன்னும் உயரே. 2024 நவம்பர் 30 இரவு புதுவை அருகே பெஞ்சல் புயல் கரை கடந்தபோது, திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது நினைவிருக்கும். நீர் புகுந்த பெட்டியை வெயிலில் வைத்து எடுத்து, ‘போட்டுப் பார்ப்போம்’ என்று சொருகிவிட வேண்டா. பிளக்கைத் தனியே சுற்றிக் கட்டி, பழுது பார்ப்பவரிடம் அப்படியே கொண்டு சேர்த்துவிடுங்கள்.