நாடா வெட்டுவதற்கு முன்

புதுவீட்டில் பால் காய்ச்சிக் குடிபுகுந்த பிறகும் அந்த வீடு நமக்குப் பழகுவதற்குச் சில மாதங்கள் பிடிக்கின்றன. எந்தப் பொத்தானை அழுத்தினால் எந்த விளக்கு எரியும், மழைநாளில் எந்த ஜன்னல் வழியே சாரல் அடிக்கும் என்பதையெல்லாம் வாழ்ந்துதான் அறிகிறோம். மருத்துவமனைக்கு அந்தச் சலுகை கிடையாது. திறந்த அன்றிரவே மூச்சுத்திணறலோடு ஒரு குழந்தை தூக்கிவரப்படலாம். ஆக்சிஜன் குழாய் கட்டிலின் எந்தப் பக்கம் இருக்கிறது என்று அப்போது செவிலியர் தேடிக்கொண்டிருக்க முடியாது.

கட்டடம் முடிவதற்கும் நோயாளி நுழைவதற்கும் இடைப்பட்ட காலத்தை வெறும் காத்திருப்பாக எண்ணும் பழக்கத்தை விட்டொழிக்க வேண்டும் என்பதே நம் கருத்து. எடின்பரோ நகரத்தில் நடந்ததை நினைவுகூர்ந்தால் இதன் காரணம் விளங்கும்.

அந்நகரின் ஷீன்ஸ் பகுதியில் 1895 முதல் குழந்தைகள் மருத்துவமனை ஒன்று இயங்கிவந்தது. இறந்த குழந்தைகளை வைக்கும் சிற்றாலயத்தில் ஃபீபி டிராக்வேர் வரைந்த சுவரோவியங்கள் உண்டு. துயரத்துக்கும் ஓர் இடம் ஒதுக்கிய பழைய கட்டடம் அது. அதற்கு மாற்றாக, நகரின் தென்கிழக்கே லிட்டில் ஃபிரான்ஸ் என்னுமிடத்தில் சுமார் 15 கோடி பவுண்டு செலவில் புதிய மருத்துவமனை எழுந்தது. 2019 ஜூலை 9 அன்று குடிபெயர்வு தொடங்குவதாக இருந்தது. ஆனால் ஜூலை 4 அன்று ஸ்காட்லாந்து சுகாதார அமைச்சர் ஜீன் ஃப்ரீமன் அதை நிறுத்தினார்.

காரணம், கண்ணுக்குத் தெரியாத காற்று. தீவிர சிகிச்சை அறைகளில் மணிக்குப் பத்து முறை காற்று மாற வேண்டும் என்பது விதி. அங்கே நான்கு முறைக்கே வடிவமைத்திருந்தார்கள். எதிர்ப்புச் சக்தி குன்றிய குழந்தைக்கு இந்த வித்தியாசம் உயிர்ப் பிரச்சினை. காற்றில் மிதக்கும் கிருமிகள் எத்தனை விரைவில் வெளியேறுகின்றன என்பதை அந்த எண்தான் தீர்மானிக்கிறது. பிழையின் வேர் 2012-ஆம் ஆண்டு தயாரான ஓர் அட்டவணையில் இருந்ததாகப் பின்னர் தெரியவந்தது. இத்தனை ஆண்டுகளில் அந்த எண் எத்தனையோ மேசைகளைக் கடந்திருக்கும்.

புதிய முகவரிக்குப் போகத் தயாராயிருந்த பெற்றோரிடம், பழைய இடத்துக்கே வாருங்கள் என்று சில நாட்களுக்குள் சொல்லவேண்டியதாயிற்று. அவர்கள் கோபம் நியாயமானது. எனினும் கடைசி நேரத்தில் நிறுத்தியதை மானக்கேடு என்போரோடு நாம் உடன்படவில்லை. நிறுத்தும் துணிவும் ஆயத்தத்தின் பகுதியே. குறை வேறிடத்தில் இருக்கிறது. கட்டடத்தை 2019 பிப்ரவரியிலேயே ஏற்றுக்கொண்டு, மாதம் சுமார் 14 லட்சம் பவுண்டு கட்டணமும் செலுத்தத் தொடங்கிவிட்டார்கள். குறையைக் கண்டறிந்த சோதனையோ ஜூன் மாதத்தில்தான் நடந்தது. முதலில் வரவேண்டிய கேள்வி கடைசியில் வந்தது.

ஆயத்தம் என்றால் பணியாளர்களுக்குக் கட்டடத்தைச் சுற்றிக்காட்டுவது என்றே பலரும் நினைக்கிறார்கள். ஆம்புலன்ஸ் வாசலிலிருந்து அறுவை அரங்குக்கு ஆள்வைத்து ஒத்திகை பார்ப்பதும், நள்ளிரவில் அபாய அழைப்பு விடுத்து யார் எத்தனை நிமிடத்தில் வருகிறார் என்று கணக்கிடுவதும், மருந்து அலமாரியைக் கண்மூடித் திறக்கப் பழகுவதும் அவசியமானவை. ஆனால் இவையெல்லாம் மனிதரைக் கட்டடத்துக்குப் பழக்கும் வேலைகள். கட்டடம் மனிதருக்குத் தகுதியானதுதானா என்ற சோதனை அதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். அங்கே வேலை செய்யப்போகும் செவிலியருக்கும் துப்புரவுப் பணியாளருக்கும் கேள்வி கேட்கும் உரிமையும், பதில் வரும்வரை திறப்பைத் தள்ளிவைக்கச் சொல்லும் அதிகாரமும் வேண்டும்.

நோயாளியை ஆயத்தப்படுத்துவதும் வரைபடத்தோடு ஒரு கடிதம் அனுப்புவதோடு முடிவதில்லை. எந்தப் பேருந்து, எந்த வாசல் என்பதோடு, எது இன்னும் தயாராகவில்லை என்பதையும் அவரிடம் சொல்ல வேண்டும். பலவருடமாக ஒரே தாழ்வாரத்தில் ஒரே செவிலியர் முகத்தைப் பார்த்துத் தைரியம் பெற்ற குழந்தைக்கு, புது இடத்திலும் அந்த முகம் இருக்கும் என்ற உறுதி வேண்டும். பளபளக்கும் தரை அதைத் தராது.

புதிய மருத்துவமனை 2021 மார்ச்சில் முழுமையாகத் திறந்தது. முதலில் குறித்த நாளிலிருந்து ஏறக்குறைய இருபது மாதங்கள் கடந்திருந்தன. தாமதத்தின் விலை பெரிதுதான். ஆனால் அந்த விலையைப் பவுண்டில் கணக்கிட முடிந்தது. ஜூலை 9 அன்று திறந்திருந்தால் எதில் கணக்கிட்டிருப்போம்? திறப்புவிழாவுக்குத் தேதி குறிக்கும் ஒவ்வொருவரும் இந்தக் கேள்வியைத் தமக்குள் கேட்டுக்கொள்ள வேண்டும் என்று விரும்புகிறோம்.