கடிகாரம் யார் கையில்?

யானைக்கவுனியில், வால்டாக்ஸ் ரோட்டு லாரி ஷெட்டில் மூட்டை இறக்கும் தோழர் ஒருவர் நம்மைக் கண்டதும் பிடித்துக்கொண்டார். "பையனுக்கு சீட்டு கெடச்சிருக்கு தோழர். இண்டஸ்ட்ரியல் இன்ஜினீயரிங்காம். சிவில்னா கட்டடம், மெக்கானிக்கல்னா மிஷினு. இது இன்னா படிப்பு? சேக்கலாமா, வேணாமா?"

பக்கத்தில் நின்ற மில் தோழர் முந்திக்கொண்டார்: "வேணாம்பா. அது கங்காணிப் படிப்பு. கையில கடிகாரத்த வச்சிக்கினு நம்ம முதுகுக்குப் பின்னால வந்து நிக்கிறவன் அவன்தான்."

அவருடைய கோபம் நியாயமானது. முடிவு தவறானது.

மனிதன் வேலை செய்வதை அளக்கும் படிப்பு இது. ஒரு வேலைக்கு எத்தனை அசைவு, எத்தனை விநாடி, எத்தனை ஆள் என்று கணக்கிட்டு, வேலையின் முறையை மாற்றி அமைப்பது. இதன் மூலபுருஷர் டெய்லர் என்ற அமெரிக்கர். 1899இல் பெத்லஹேம் இரும்பாலையில், வார்ப்பிரும்புக் கட்டிகளை ரயில் வாகனில் ஏற்றும் கூலியாள் நாளொன்றுக்குப் பன்னிரண்டரை டன் சுமந்து கொண்டிருந்தான். அவன் நாற்பத்தேழு டன் சுமக்க வேண்டும் என்று டெய்லர் கணக்குப் போட்டார். கூலி 1 டாலர் 15 சென்ட்டிலிருந்து 1 டாலர் 85 சென்ட் ஆயிற்று. சுமை ஏறக்குறைய நாலு மடங்கு. கூலி ஒன்றே முக்கால் மடங்குகூட இல்லை! மிச்சம் யார் வீட்டுக்குப் போயிற்று? இதை டெய்லர் மறைக்கவில்லை. 1911இல் புத்தகமாகவே எழுதிப் பெருமைப்பட்டார். இந்த வேலைக்கு எருது போன்ற மந்தபுத்திக்காரனே ஏற்றவன் என்றும் அதில் எழுதி வைத்தார். மூட்டை தூக்கும் தோழர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அதே 1911 ஆகஸ்டில் வாட்டர்டவுன் ராணுவத் தளவாட ஆலையில் ஸ்டாப் வாட்ச்சை எடுத்ததும் வார்ப்புத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தி வெளியேறினார்கள். அமெரிக்கப் பாராளுமன்றமே விசாரிக்க வேண்டியதாயிற்று.

"கடிகாரம் பொய் சொல்லாது, இது சயன்ஸ்" என்பார்கள் மானேஜர்கள். கடிகாரம் பொய் சொல்லாதுதான். ஆனால் கடிகாரத்துக்குப் பிறகு வரும் பென்சில்? ஒரு உருப்படி செய்ய ஒரு நிமிஷம் ஆனது என்று வைத்துக்கொள்வோம். உடனே அளப்பவர் "ரேட்டிங்" என்று ஒரு எண் போடுகிறார். இவன் சரியான வேகத்தில் செய்தான் என்று தோன்றினால் 100. மெதுவாகச் செய்தான் என்று தோன்றினால் 80. பிறகு ஓய்வுக்கும் களைப்புக்கும் என்று ஒரு பங்கு சேர்க்கிறார். அது 15 சதவீதம் என்று கொள்வோம். 100 போட்டால் உருப்படிக்கு 1.15 நிமிஷம்; எட்டு மணி நேரத்தில் 417 உருப்படி. 80 போட்டால் 0.92 நிமிஷம், 521 உருப்படி. கடிகாரம் காட்டியது அதே ஒரு நிமிஷம்தான். ஒருவருக்குத் "தோன்றியதால்" நாளொன்றுக்கு 104 உருப்படி நம் தலையில் ஏறிவிட்டது.

விவசாயத் தொழிலாளத் தோழர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். கூலி அளக்கும் மரக்கால் ஒன்று, வாங்கும் மரக்கால் வேறொன்று. மிராசுதாரின் இந்தப் பித்தலாட்டத்தைக் கீழத்தஞ்சையில் பார்த்தவர்கள் அவர்கள். அதற்காக நெல்லை அளக்கவே கூடாது என்றா போராடினார்கள்? முத்திரை போட்ட மரக்கால் கொண்டுவா என்றல்லவா 1940களில் போராடினார்கள்!

லெனினும் 1913இல் டெய்லர் முறையை வியர்வை பிழியும் சயன்ஸ் என்று சாடினார். அவரே 1918இல், தொழிலாளர் ஆட்சி அமைந்தபின், அதைக் கற்றுப் பரிசோதித்துக் கொள்ள வேண்டும் என்றார். முரண்பாடு என்று சிரிக்கும் பண்டிதர்கள் உண்டு; கருவி வேறு, கருவியைப் பிடித்திருக்கும் கை வேறு என்பது அவர்களுக்குப் புரிவதில்லை.

நம் நாட்டில் நடந்தது என்ன? 1955இல் கான்பூர் மில் தொழிலாளர்கள் 'ரேஷனலிசேஷ'னை எதிர்த்து 80 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 1957 ஜூலையில் கூடிய 15ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாட்டில் மூன்று நிபந்தனைகள் ஒப்புக்கொள்ளப்பட்டன. ஆட்குறைப்போ வருமான இழப்போ கூடாது. பலனில் தொழிலாளிக்கும் பங்கு வேண்டும். வேலைப் பளுவை இரு தரப்பும் ஒப்புக்கொண்ட நிபுணர் மதிப்பிட வேண்டும்.

மூன்றாவதை மறுபடி படியுங்கள். இரு தரப்பும் ஒப்புக்கொண்ட நிபுணர்! முதலாளிக்கு நிபுணர் பஞ்சமே இல்லை. 1963இல் சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனத்தின் உதவியோடு பம்பாயில் சர்க்காரே இதற்கென்று ஒரு பயிற்சி நிலையம் ஆரம்பித்தது. (2023இல் அதற்கு மும்பை ஐ.ஐ.எம். என்று பெயர் மாற்றிவிட்டார்கள். பெயர்ப்பலகையில் தொழில் போய் மானேஜ்மென்ட் நின்றது!) சங்கத்தின் பக்கம் யார் இருந்தார்கள்? மேஜையில் கணக்குத் தாளை விரித்தபோது, ரேட்டிங் எங்கே, ஓய்வுப் பங்கு எங்கே என்று கேட்கத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்? கோஷம் போடத் தெரிந்த அளவுக்குக் கணக்குக் கேட்க நாம் கற்கவில்லை. இது நம் குறை, ஒப்புக்கொள்வோம்.

இத்தனைக்கும் நேரத்துக்கான சண்டை இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. பேசின் பிரிட்ஜைத் தாண்டினால், 1996இல் மூடப்பட்ட பக்கிங்ஹாம் கர்நாடிக் மில் இருந்த இடம். அந்தத் தொழிலாளர்கள் 1918 ஏப்ரல் 27இல் சங்கம் கண்டபோது சொன்ன முதல் குறைகளில் ஒன்று, சாப்பாட்டுக்கு அரைமணி போதவில்லை என்பதே.

ஆகவே, தோழரே, பையனைச் சேருங்கள். முதலாளி கொடுக்கும் சம்பளத்துக்கு அவன் அந்தப் பக்கமே போய்விடலாம், பலர் போயிருக்கிறார்கள். அந்தப் பயத்துக்காகப் படிப்பை அவர்களுக்கே விட்டுவிடுவதா? முதல் லீவில் வீட்டுக்கு வரும்போது அவனை லாரி ஷெட்டுக்கு அழைத்து வாருங்கள். நீங்கள் தூக்கும் மூட்டையின் எடையை, நடக்கும் தூரத்தை, வெயிலை அவன் எழுதட்டும். அவனுடைய பாடப் புத்தக அட்டவணையில் சொந்தத் தேவைக்கு 5 சதவீதம், களைப்புக்கு 4 சதவீதம், அதற்கு மேல் சுமைக்குத் தனி, வெப்பத்துக்குத் தனி என்று இருக்கும். அப்பனுக்கு எத்தனை நிமிஷ ஓய்வு பாக்கி என்று கூட்டிச் சொல்லட்டும். அந்தத் தாளைச் சங்க ஆபீசுக்குக் கொண்டு வாருங்கள்.