இரண்டு அக்டோபர்

2019 அக்டோபர் 11. சீன அதிபர் ஷி ஜின்பிங்கும் பிரதமர் மோடியும் மாமல்லபுரத்தில் சந்தித்தார்கள். எங்க திருக்கழுக்குன்றத்துக்குக் கிழக்கே, பக்கத்து ஊர்தான். உலக ஜனத்தொகையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்த ரெண்டு பேர் ஆட்சியில். அர்ச்சுனன் தபசு பார்த்தார்கள், ஐந்து ரதம் பார்த்தார்கள். மறுநாள் காலையில் பிரதமர் கடற்கரையில் அரைமணி நேரம் குப்பை பொறுக்கினார், நாடே பார்த்தது. தலைமுறை தலைமுறையா வாரிக்கிட்டிருக்கிற எங்க ஜனத்தை எந்தக் கேமரா பார்த்தது?

அதற்கு 25 வருஷமும் ஒரு நாளும் முன்னால், 1994 அக்டோபர் 10. மாமல்லபுரம் அருகே காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்கப் போராடிய எங்க ஜனத்தைச் செங்கல்பட்டில் போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் பலியானார்கள்.

கேட்டது பிச்சையா? செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் அறிக்கை கொடுத்து, 1892இல் வெள்ளைக்கார அரசு ஆணை போட்டு ஒதுக்கிய நிலம். தலித் அல்லாதவருக்கு விற்றால் செல்லாது என்பது அதன் நிபந்தனை. அதை மீறித்தான் பிடுங்கினார்கள்.

ரெண்டு தலைவர் நடந்துபோக ரோடும் கரையும் சில நாளில் பளபளக்குது. செல்லாத பட்டாவை ரத்து பண்ண மட்டும் நூறு வருஷம் போதாதாம்! இதை இயலாமை என்று நம்பச் சொல்கிறார்கள். நான் நம்பவில்லை. யாருக்காக அசைவது என்று அரசுக்குத் தெரியும். விருந்தாளிக்கு அசைந்த அதே கலெக்டர் ஆபீஸ், சேரிக்கும் அசையட்டும்.