தோள் தழும்பும் மண்டல அலுவலகமும்

உலக சுகாதார நிறுவனத்தின் சாசனம் 1948 ஏப்ரல் 7இல் நடைமுறைக்கு வந்தது. விவரம் தெரிந்த பொதுக்கருத்தும் மக்களின் ஒத்துழைப்பும் சுகாதார மேம்பாட்டுக்கு மிக முக்கியம் என்று அதன் முகவுரை சொல்கிறது. இரண்டாம் பிரிவுக்குப் போனால் தொனி மாறிவிடுகிறது: அரசுகள் கேட்டுக்கொண்டால் நிறுவனம் அவற்றுக்கு உதவும். முகவுரை மக்களைப் பார்க்கிறது, இரண்டாம் பிரிவு பெரும்பாலும் அரசைப் பார்க்கிறது. ஆறு மண்டல அலுவலகங்களில் முதலாவதான தென்கிழக்காசிய அலுவலகம் 1949 சனவரியில் புதுதில்லியில் தொடங்கியபோது, டாக்டர் சந்திர மணி அதன் முதல் இயக்குநரானார். மக்களுக்குச் செய்தி சொல்லும் வேலை இந்த இரண்டு பார்வைக்கும் நடுவில் அன்றே மாட்டிக்கொண்டது.

இப்போது இதை எழுத நேர்ந்ததற்குக் காரணம், அண்மையில் ஒரு சிறப்பிதழில் வந்த கட்டுரையும் அதற்கு வேறோர் இதழில் வந்த மறுப்பும். 1955இல் ராஜாஜி காசநோய்க்கான பி.சி.ஜி. தடுப்பூசியை எதிர்த்தார், அந்த ஊசி பற்றிய பிற்காலத்துச் செங்கல்பட்டு ஆய்வு அவர் பக்கம் தீர்ப்பளித்துவிட்டது, உடல்மீதான அதிகாரம் பற்றிய பிரெஞ்சுச் சிந்தனைக்கெல்லாம் அவரே முன்னோடி என்பது கட்டுரை. அவர் ஒரு பத்தாம்பசலி, மக்கள் அறியாமையில் கிடந்தார்கள், விஞ்ஞானம் ஜெயித்தது என்பது மறுப்பு. ஒருவர் பிரெஞ்சுச் சிந்தனையாளர் ஃபூக்கோவைத் தூக்கிக்கொண்டு வர, மற்றவர் நேருவின் அறிவியல் மனப்பான்மையைத் தூக்கிக்கொண்டு வருகிறார். ஊசி போட்டுக்கொண்ட பிள்ளைக்கும் அதன் தாய்க்கும் என்ன சொல்லப்பட்டது என்று இருவருமே கேட்கவில்லை.

பிரான்சில் கால்மெத், கெரான் என்ற இருவர் உருவாக்கிய பி.சி.ஜி. 1921இல் முதன்முதலாக ஒரு குழந்தைக்குக் கொடுக்கப்பட்டது. இந்தியாவுக்கு அது 1948இல் வந்தது: மதனப்பள்ளியில் முன்னோட்டம், கிண்டியில் தடுப்பூசி ஆய்வுக்கூடம். யுனிசெஃப், உலக சுகாதார நிறுவனம் ஆகியவற்றின் துணையோடு 1951இல் அது பெருந்திரள் இயக்கமானது.

வேலை நடந்த விதத்தைச் சற்று அருகில் போய்ப் பார்க்க வேண்டும். குழு ஊருக்கு வரும். முதல் நாள் முன்கையில் டியூபர்குலின் சோதனை ஊசி. மூன்றாம் நாள் அதே குழு திரும்பி வந்து, ஊசி போட்ட இடத்தில் தடிப்பு உண்டா என்று அளந்து பார்க்கும். தடித்திருந்தால் கிருமி ஏற்கெனவே உடம்பில் நுழைந்திருக்கிறது என்று பொருள், ஆகவே தடுப்பூசி இல்லை. தடிக்காதவர்களுக்கு மேல்கையில் பி.சி.ஜி. அத்தோடு குழு அடுத்த ஊருக்கு மூட்டை கட்டிவிடும். சில வாரம் கழித்து அந்த இடத்தில் ஒரு சிறு கட்டி கிளம்பும், உடையும், நீர் கசியும், மாதக்கணக்கில் ஆறித் தழும்பாகும். மருந்து வேலை செய்யும்போது இப்படித்தான் ஆகும், பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் அதைச் சொல்ல வேண்டியவர்கள் அப்போது நாலைந்து ஊர் தள்ளி இருப்பார்கள். நன்றாக ஓடியாடிய பிள்ளைக்கு ஊசி போட்டார்கள், கை புண்ணாகிவிட்டது என்பதுதான் தாய் கண்ட செய்தி. தடித்தவனுக்கு ஊசி இல்லை, தடிக்காதவனுக்கு உண்டு என்பதும் விளக்கம் இல்லாமல் புரிகிற விஷயமா என்ன? அறியாமை என்று மறுப்பாளர் எழுதுவது இதைத்தான்.

சென்னையில் எதிர்ப்பை முதலில் கிளப்பியவர் ஏ.வி. ராமன், சுகாதாரப் பொறியாளராக இருந்து ஓய்வுபெற்றவர். 1954இல் முதலமைச்சர் பதவியை விட்டு விலகியிருந்த ராஜாஜி அடுத்த ஆண்டு நான் ஏன் பி.சி.ஜி.யை எதிர்க்கிறேன் என்று ஒரு சிறு நூலே வெளியிட்டார். நோயில்லாத குழந்தைகளுக்கு உயிருள்ள கிருமியை இலட்சக்கணக்கில் செலுத்துகிறீர்களே, ஆதாரம் எங்கே என்பது அவர் கேள்வியின் சாரம். 1930இல் ஜெர்மனியின் லூபெக் நகரில் நோய்க்கிருமி கலந்துபோன மருந்தால் எழுபதுக்கு மேற்பட்ட சிசுக்கள் இறந்தன என்பது மறைக்கக்கூடிய செய்தி அல்ல. பிரிட்டனின் பெரிய ஆய்வு முதல் அறிக்கையைத் தந்ததும் 1956இல்தான், அதாவது ராஜாஜி கேட்டு ஓராண்டு கழித்து. அந்த அறிக்கை தடுப்பூசிக்குச் சாதகமாகவே இருந்தது. பி.சி.ஜி. ஆபத்தானது என்ற அவருடைய அச்சம் பொய்த்தது. ஆதாரம் கேட்டது மட்டும் தப்பே இல்லை. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் கட்டுரையும் மறுப்பும் முப்பது பக்கம் ஓடியிருக்கின்றன.

ராஜாஜிக்குப் பதில் சொன்னது மத்திய அரசு. சுகாதார அமைச்சர் ராஜ்குமாரி அம்ரித் கௌர், காசநோய் ஆலோசகர் டாக்டர் பி.வி. பெஞ்சமின் ஆகியோர் அந்தத் தரப்பில் நின்றார்கள். பெரியவர்கள் பெரியவர்களோடு, பெரும்பாலும் ஆங்கிலத்தில், மோதிக்கொண்டார்கள். சென்னை மாநிலத்தில் ஊசி போட்டுக்கொள்ள வருவோர் தொகை சரிந்தது. சாசனத்தின் இரண்டாம் பிரிவு என்ன செய்யும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைக்காது. உதவி அரசுக்கு என்றால் விளக்கமும் அரசோடு நின்றுவிடுகிறது.

இதற்கு நேர்மாறான ஒன்றும் அதே சென்னையில், அதே ஆண்டுகளில் நடந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சி மன்றம், உலக சுகாதார நிறுவனம் நான்கும் சேர்ந்து 1956இல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தைத் தொடங்கின. சானடோரியத்தில் படுத்துச் சத்துணவு உண்பவரும், நெரிசலான குடியிருப்பில் கூழ் குடித்து மாத்திரை விழுங்குபவரும் ஒரே அளவில் குணமாவார்களா என்பது ஆய்வு. ஆவார்கள் என்று 1959இல் விடை வந்தது. வீட்டிலிருந்தவர்களுக்கு நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. டாக்டர் சௌரி முத்து 1928இல் தாம்பரத்தில் சானடோரியம் கட்டியபோது நல்ல காற்றும் ஓய்வும்தான் மருந்து. ரயில் நிலையப் பெயராகவே நிலைத்துவிட்ட அந்தச் சித்தாந்தத்தை சில மைலுக்கு அந்தப்பக்கம் இருநூறுக்கும் குறைவான நோயாளிகள் முடித்துவைத்தார்கள். சேத்துப்பட்டில் பிரசுரம் பெரிதல்ல. செவிலியர் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்கு வருவார், மீதமுள்ள மாத்திரையை எண்ணுவார், சிறுநீரைச் சோதனைக்கு எடுப்பார். அதிகாரக் கண்காணிப்பு என்று சிறப்பிதழ்க்காரர் எழுதக்கூடும். ஆனால் வந்தவரிடம் நோயாளி கேள்வி கேட்க முடிந்தது. புண் ஆறும்வரை வராமல் போன குழுவோடு ஒப்பிட்டால் அது சிறிய வித்தியாசம் அல்ல.

மக்களிடம் அவர்கள் மொழியிலேயே பேசிய இன்னொரு சர்வதேச நிறுவனத்தை இவ்விடத்தில் சொல்லாமல் விட மனம் வராது. 1948இல் தொடங்கிய யுனெஸ்கோ கூரியர் இதழ் 1967இல் தமிழிலும் வரத் தொடங்கியது. தெ.பொ. மீனாட்சிசுந்தரனார், நெ.து. சுந்தரவடிவேலு, மணவை முஸ்தபா எனப் பொறுப்பு கைமாறியது. முஸ்தபாவின் கையில் அது பல்லாண்டுகள் நின்றது. தன் நிறுவனத்தைப் பற்றி அது அதிகம் பேசாது. நூபியக் கோயில்கள், இனவாதம், கடல், எழுத்தறிவு என்று உலகத்தைப் பேசும். அதைப் படித்து வளர்ந்தவர்கள் சிற்றிதழ் நடத்தப் போனார்கள். உலகச் சிந்தனை தமிழுக்குச் சிற்றிதழ் வழியே மட்டும்தான் வந்தது என்று விருது மேடைகளில் பேசுபவர்கள் இந்தக் கடனை எந்தக் கணக்கில் எழுதுவார்கள்?

செங்கல்பட்டுக்கு வருவோம். 1968இல் தொடங்கிய அந்த ஆய்வு அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் 209 பஞ்சாயத்துகளிலும் ஒன்பது நகரங்களிலும் நடந்தது. பெரும்பகுதி இன்றைய திருவள்ளூர்ப் பக்கம். சிலருக்குத் தடுப்பூசி, சிலருக்கு வெறும் ஊசி, யாருக்கு எது என்று போட்டவருக்கும் தெரியாது. ஏழரை ஆண்டுக் கணக்கு 1979இல் வெளியானது: நுரையீரல் காசநோயைப் பி.சி.ஜி. தடுக்கவில்லை. மண்ணிலும் நீரிலும் வாழும் பிற மைக்கோபாக்டீரியாக்கள் முன்பே உடலைப் பழக்கியிருக்கலாம் என்பது விளக்கங்களில் ஒன்று. ஆய்வை அடுத்துக் கூடிய நிபுணர்கள், குழந்தைகளுக்கு வரும் மூளைக்காய்ச்சல் வகைக் காசநோய்க்கு எதிராக ஊசியைத் தொடரச் சொன்னார்கள். பிறந்த குழந்தைக்கு இன்றும் போடுகிறோம், போடவும் வேண்டும். எனவே செங்கல்பட்டு ராஜாஜிக்குக் கொடுத்த வெற்றிப் பத்திரம் அல்ல. அவர் அஞ்சிய தீங்கை அது காட்டவில்லை, பெரியவர்களுக்குப் பயன் இல்லை என்று மட்டும் காட்டியது. முடிவு அச்சேறிய இடங்கள் ஆங்கில ஆய்விதழ்கள்.

மக்களுக்கு விளக்கம் சேராத கதை பிறகும் தொடர்ந்தது. 2017 பிப்ரவரியில் தட்டம்மை - ருபெல்லா தடுப்பூசி இயக்கம் தமிழ்நாட்டில் தொடங்கியபோது வாட்ஸாப்பில் வதந்தி முந்திக்கொண்டது. பல பெற்றோர் பள்ளியில் ஊசி வேண்டாம் என்றார்கள். ஏற்கெனவே தட்டம்மை ஊசி போட்ட பிள்ளைக்கு மறுபடி எதற்கு என்பது நியாயமான கேள்வி. அரசு முன்பு போட்டதில் ருபெல்லா இல்லை, ஒரு தவணை எல்லோருக்கும் முழுப் பலன் தராது என்பது விடை. இரண்டே வாக்கியம். அதைச் சொல்லும் பொறுப்பு கடைசியில் கிராம சுகாதாரச் செவிலியர் தலையிலும் அங்கன்வாடிப் பணியாளர் தலையிலும்தான் விழுந்தது. பிப்ரவரியோடு முடிய வேண்டிய இயக்கம் மார்ச்சுக்கு நீண்டது.